கேரவனில் புழுக்கமா? அவசர வழி ஜன்னலைக் காற்றுக்குத் திறப்பது எப்படி

கேரவன் என்றதும் நம் ஊரில் வளசரவாக்கம் பக்கம் ஷூட்டிங் வீட்டு வாசலில் நாள் முழுக்க ஏ.சி. ஓட நிற்கும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அது இல்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, உள்ளே கட்டிலும் சின்னதாக ஒரு சமையல் மேடையும் இருக்கிற டிரெய்லர். என்னிடம் இருப்பது பழையது, அமெரிக்க பாணி ஜன்னல்கள் வைத்தது. வருஷத்தில் பாதி நாள் சென்னைக்குத் தெற்கே கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாகச் சும்மாதான் நிற்கும்.

முதல் வருஷம் மே மாதம் அதில் ஒரு ராத்திரி படுத்தேன். கரண்ட் இல்லை, ஏ.சி. இல்லை. பக்கவாட்டு ஜன்னல்கள் ஆளுக்கு ஒரு சாண் மட்டும் திறந்தன. கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது, ஆனால் சிவப்புக் கைப்பிடி போட்டு ‘எக்ஸிட்’ என்று எழுதியிருந்ததால் அதைத் தொடவே பயம். பனியனைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்ற நிலைமையில் விடியற்காலை நாலு மணிக்குத்தான் துணிந்து அதைத் தள்ளித் திறந்தேன். அப்புறம்தான் தூக்கமே வந்தது.

தொடலாம். காற்றுக்காகத் திறக்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை: காற்றுக்காக நீங்கள் என்ன வேலை செய்தாலும், அந்த ஜன்னல் எப்போது தள்ளினாலும் ஒரே தள்ளலில் முழுசாகத் திறக்க வேண்டும். அது முதலில் கதவு, பிறகுதான் ஜன்னல். கீழே சொல்லியிருக்கிற எல்லா வேலைக்கும் இதுதான் கணக்கு.

எந்த ஜன்னல் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்

மாநகரப் பேருந்தில் ‘அவசர வழி’ என்று எழுதியிருப்பார்களே, அதே வேலைதான் இதுக்கும். அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிகளுக்கான தீப்பாதுகாப்பு விதி, என்.எஃப்.பி.ஏ. 1192, பிரதான கதவைத் தவிர வெளியேற இன்னொரு வழி கட்டாயம் வேண்டும் என்கிறது. திறப்பு ஏறத்தாழ 24 அங்குல அகலம், 17 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். ஒரு ஆள் நுழைந்து வெளியே போகிற அளவு. சிவப்புக் கைப்பிடி ஒன்றோ இரண்டோ இருக்கும். கீல் பெரும்பாலும் மேல்பக்கம், அதனால் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு திறக்கும், கடைக்குத் தகரத் தட்டியைத் தூக்கி நிறுத்துவார்களே அந்த மாதிரி. பல ஜன்னல்களில் அதைத் திறந்தபடி நிறுத்தி வைக்க எந்தத் தாங்கியும் இருக்காது. செய்தவர்கள் காற்றுக்காகச் செய்யவில்லை, அதனால்தான்.

முதல் தடவை திறக்கும்போது

வருஷக்கணக்கில் திறக்காத ஜன்னல் என்றால் ரப்பர் பீடிங் சட்டத்தோடு ஒட்டிப் போயிருக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் மோசம். கைப்பிடியைத் திருப்பிவிட்டு ஓங்கிக் குத்தாதீர்கள், கண்ணாடி போகும். பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுத்து, ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு, மெதுவாகச் சுற்றி வாருங்கள், தோசை ஒட்டிக்கொண்டால் கரண்டியை ஓரத்தில் விட்டு எடுப்போமே அந்தப் பக்குவத்தில். பிறகு இரண்டு உள்ளங்கையையும் கீழ் மூலைகளில் வைத்து ஒரே சீராகத் தள்ளினால் ‘பிளக்’ என்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். வெளியே ஒருத்தரை நிற்க வையுங்கள், சட்டென்று விட்டால் பிடித்துக்கொள்ள.

திறந்ததும் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிட்டு முகத்துக்குப் போடும் பவுடரை விரலில் தொட்டுத் தடவுங்கள். சிலிகான் ஸ்பிரே கிடைத்தால் இன்னும் நல்லது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து, இதற்கும் அதைத்தான் சொன்னார்கள், தடவியும் விட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டி, ரப்பர் ஊறித் தளர்ந்து, அந்த மழைக்கே ஒழுகியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தத் துடைக்கிற வேலையைச் செய்துவிட்டால் ஒட்டுகிற பிரச்சினையே வராது.

குச்சி

இதுதான் முக்கியமான வேலை, ஐம்பது ரூபாய்கூட ஆகாது. வீட்டில் உடைந்த மாப் குச்சி இருந்தால் அதிலிருந்து 8 அல்லது 9 அங்குலத்தில் இரண்டு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். அரை அங்குல பி.வி.சி. பைப்பும் சரிதான். ஒரு முனையில் ‘வி’ மாதிரி ஒரு வெட்டு, ஜன்னலின் கீழ்ச் சட்டம் அதில் உட்கார வேண்டும். இரண்டு முனையிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றுங்கள், வழுக்காது, பெயிண்டும் உரியாது. ஜன்னலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று என்று குச்சிகளை உள்சட்டத்தில் ஊன்றி நிறுத்த வேண்டும். ஒரே குச்சியை ஒரு மூலையில் கொடுத்தால் ஜன்னல் முறுக்கிக்கொள்ளும், கொஞ்ச நாளில் சரியாக மூடாது.

ஒவ்வொரு குச்சியிலும் சின்ன ஓட்டை போட்டு, ஒரு சாண் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சுவரில் ஒட்டும் கொக்கியில் மாட்டிவிடுங்கள். ஏன் என்றால், ஜன்னலை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினால் குச்சி தானாக விழுந்துவிட வேண்டும், ஆனால் தொலைந்து போகக் கூடாது. குச்சியை ஸ்க்ரூ போட்டு நிலையாகப் பொருத்துவது, ஜன்னலைக் கம்பி கட்டி இழுத்து வைப்பது, இரண்டும் வேண்டாம். கடற்கரை ஓரம் காற்று திடீரென்று தூக்கி அடித்தால் ஜன்னல் மேலே எழும்பி, குச்சி விழுந்து, ‘படார்’ என்று மூடும் என்ற பயம் நியாயம்தான். அதற்கு ஒரு விரல் அகல வெல்க்ரோ பட்டையைக் கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒட்டிவிட்டால் போதும். காற்றுக்குத் தாங்கும், கையால் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு இது வேலை செய்கிறது. புயல் காற்றுக்கு இல்லை, சாதாரணக் கடல் காற்றுக்கு.

எந்தப் பக்கம் திறப்பது, எப்போது திறப்பது

ஒரு ஜன்னலை மட்டும் எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பிரயோஜனம் குறைவு. உள்ளே வருகிற காற்றுக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும். சென்னையில் கோடைக்காலத்தில் மத்தியானம் ஏறக்குறைய பன்னிரண்டு, ஒன்று வாக்கில் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வரும், சில நாள் தாமதமாகும், சில நாள் வரவே வராது. அது வருகிற வரைக்கும் மேற்கேயிருந்து அடிக்கிற தரைக்காற்று அடுப்பு மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் அனலைத்தான் உள்ளே கூப்பிடுகிறீர்கள். மூடி வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, மரநிழலில் பாயைப் போட்டு உட்காருவதுதான் புத்திசாலித்தனம். கடல் காற்று வந்ததும் கிழக்குப் பக்க ஜன்னலை நாலு விரல் அளவுக்கும், எதிர்ப்பக்கத்தை அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் திறங்கள்.

மேல் கீல் ஜன்னலில் ஒரு சங்கடம் உண்டு. காற்று கீழிருந்து நுழைந்து மேல்நோக்கி ஏறும், கட்டிலில் படுத்திருப்பவர் முகத்தில் நேராக அடிக்காது. இதைச் சரிக்கட்டுவது கூரை வென்ட். பெரும்பாலான டிரெய்லர்களில் 14க்கு 14 அங்குலத்தில் கூரையில் ஒரு துளை இருக்கும். அதில் காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி 12 வோல்ட் ஃபேன் வைத்துவிட்டு (ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் வகைவகையாக எடுத்துப் போடுவார்கள்), மற்ற எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, தலைமாட்டில் இருக்கிற அவசர ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். சூடான காற்று எப்படியும் மேலேதான் தேங்கும், ஃபேன் அதை வெளியே தள்ளும், அதன் இடத்தை நிரப்ப வருகிற காற்று உங்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஃபேனுக்கு அடியிலேயே இருக்கிற ஜன்னலைத் திறந்தால் காற்று அங்கேயே வந்து அங்கேயே போய்விடும். தூரத்து ஜன்னலைத்தான் திறக்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் ஒரு ஊதுபத்தி ஏற்றிக் கட்டில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புகை சாய்ந்து ஓடினால் காற்று ஓடுகிறது. நேராக எழும்பி நின்று வட்டம் போட்டால் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது.

கொசுவலை, அதாவது என் மாமனார் என்னைப் பிடித்த கதை

கொசு இல்லாத சென்னை ராத்திரி ஏது. நான் முதலில் செய்த காரியம், நல்ல நைலான் வலை வாங்கி, மரச்சட்டம் அடித்து, பதினாலு ஸ்க்ரூ போட்டு உள்பக்கம் இறுக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. மாமனார் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்தார், வலையை விரலால் ஒரு தட்டு தட்டினார். “நல்லா இருக்கு மாப்ள. நெருப்புன்னா ஸ்க்ரூ டிரைவர் எங்க வெச்சிருக்கீங்க?” என்றார். அதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பதினாலையும் கழற்றினேன்.

இப்போது இருப்பது வெல்க்ரோ வலை. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெல்க்ரோவின் ஒரு பக்கம், வலையின் ஓரத்தில் மறுபக்கம், கீழ் மூலையில் சிவப்புத் துணியில் ஒரு நாக்கு. அதைப் பிடித்து இழுத்தால் முழு வலையும் ஒரே வீச்சில் வந்துவிடும். உங்கள் ஜன்னலோடு வந்த வலையிலேயே அப்படி ஒரு நாக்கு இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள், திரைக்குப் பின்னால் மறைந்து போகவும் விடாதீர்கள்.

திறக்கவே கூடாத நேரம்

மேல் கீல் ஜன்னல் தூறலுக்குக் குடை மாதிரி நிற்கும், நாலு விரல் திறந்து வைத்தே தூங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் சாய்த்து அடிக்கிற மழைக்கு அது செல்லாது, மூடிவிடுங்கள், மெத்தை நனைந்தால் காய வைக்க வெயில் கிடைக்காது.

அதைவிடப் பெரிய விஷயம் ஜெனரேட்டர். பக்கத்தில் உங்களுடையதோ அடுத்தவருடையதோ ஓடினால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். படுக்கிற இடத்தில் அதற்கான அலாரம் ஒன்றை மாட்டுங்கள், ஃபேன் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள்.

ஜன்னல் திறந்திருக்கிறதே என்று சமையல் காஸ் விஷயத்தில் அசட்டையாக இருப்பதும் தப்பு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மார்பு உயரத்தில் இருக்கும் ஜன்னல் அதை வெளியேற்றாது. வாசனை வந்தால் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியே வர வேண்டும், ஃபேன் சுவிட்சையோ லைட் சுவிட்சையோ தொடாமல்.

ஒருமுறை இறங்கிப் பாருங்கள்

எல்லாம் பொருத்தின பிறகு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வலை மாட்டி, குச்சி ஊன்றி, அப்படியே படுத்திருந்து, எழுந்து வெளியேறிப் பாருங்கள். வலையின் நாக்கை இழு, கைப்பிடியைத் திருப்பு, தள்ளு. குச்சிகள் விழ வேண்டும், வெல்க்ரோ பிய்ய வேண்டும். எதிலாவது கை தேடினால் அதை மாற்றுங்கள். தலையை முதலில் விடாதீர்கள், சட்டத்தின் மேல் போர்வையை மடித்துப் போட்டு, குப்புறப் படுத்து, காலை முதலில் விட்டு இறங்க வேண்டும், வெளியே தரை நாலைந்து அடி கீழே இருக்கும். எங்கள் வண்டியில் அந்த இடத்தில் நேர்கீழாக நான்தான் மடக்கு நாற்காலிகளைச் சாத்தி வைத்திருந்தேன், முதல் ஒத்திகையில் முழங்கால் சிராய்த்தது. வீட்டில் உள்ள பிள்ளைகளையும் இறங்க வையுங்கள், அவர்களுக்கு இது விளையாட்டு, நாலு தடவை கேட்பார்கள்.

கிளம்புவதற்கு முன்

வண்டி நகர்வதற்கு முன்னால் இந்த ஜன்னல் மூடி, இரண்டு கைப்பிடியும் பூட்டிய நிலையில் இருக்க வேண்டும். போன வருஷம் ஈ.சி.ஆரில் ஏறுவதற்குள்ளேயே, தோப்பிலிருந்து வெளியே வருகிற மண் பாதையில், ஒரு வேப்பங்கிளை என் திறந்த ஜன்னலை வளைத்துப் பிடித்துக் கீலோடு பிடுங்கப் பார்த்தது. கண்ணாடி தப்பியது, கீல் தப்பவில்லை, புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து வேறொரு கீலை ராவிப் பொருத்தினோம். இப்போது குச்சிகளைக் கயிற்றோடு கழற்றி எடுத்து வந்து கார் டேஷ்போர்டில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். இரண்டு ஜன்னலுக்கு நாலு குச்சி. மூன்றுதான் இருக்கிறது என்றால் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.