கையெழுத்துப் போடுகிறவருக்கும் புரிய வேண்டும்: சட்ட ஆவணத்தை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் முறை

ஆங்கில ஒப்பந்தங்களை எளிய ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவது என் வேலை. நான் வக்கீல் இல்லை, எடிட்டர். வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம், காப்பீட்டு பாலிசி, தனியுரிமை அறிவிப்பு என்று எதுவும் வரும். வக்கீல் எழுதித் தருவார், நான் மாற்றி எழுதுவேன், அவர் சரிபார்ப்பார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொற்களின் மேல்தான் பாய்கிறார்கள். ‘ஹியர்இன்ஆஃப்டர்’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ போன்ற பழைய சட்டச் சொற்கள் எல்லாவற்றையும் தேடித் தேடி எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாக்கியத்தின் கட்டுமானம் பழையபடியே இருந்தால், சொல் எவ்வளவு எளிதானாலும் படிக்கிறவர் பாதியில் வழிதவறிவிடுவார்.

இதற்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. எரிக் மார்டினெஸ், ஃபிரான்சிஸ் மொலிக்கா, எட்வர்ட் கிப்சன் மூவரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பந்தங்களின் மொழியை மற்ற வகை ஆங்கில எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படித்ததை நினைவில் வைப்பதை அதிகம் கெடுத்தது, ஒரு வாக்கியத்தின் நடுவே இன்னொரு வாக்கியத்தைச் செருகும் பழக்கம். 2023-இல் வக்கீல்களையே வைத்துச் சோதித்தார்கள். அவர்களுக்கும் எளிய வடிவம்தான் நன்றாக நினைவில் நின்றது; அது சட்டப்படி அதே அளவு செல்லும் என்றும் சொன்னார்கள். வக்கீல் யாராவது "இப்படி எழுதினால்தான் பாதுகாப்பு" என்று தயங்கினால், இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? யார் படிக்கப்போகிறார், எப்போது படிக்கப்போகிறார் என்பதில் தொடங்குங்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998-இல் வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டுக்கு வாரன் பஃபெட் முன்னுரை எழுதினார். நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸிடமும் பெர்ட்டியிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வதாக அதில் சொல்கிறார். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் வல்லுநர்கள் இல்லை. நானும் இப்படி ஒருவரை மனதில் வைத்துக்கொள்கிறேன். கூடவே, அவர் அந்த ஆவணத்தைத் திறக்கும் நேரத்தையும் யோசிக்கிறேன். கையெழுத்துப் போடும் நாளில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. வேலை போய்த் தவணை கட்ட முடியாதபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுதான் தேடி எடுக்கிறார்கள். பதற்றத்தில் இருக்கிற மனிதருக்கு, தேடும் இடம் உடனே கண்ணில் பட வேண்டும். தலைப்புகளை "தவணை தவறினால் என்ன ஆகும்?" என்பதுபோல அவர் கேட்கக்கூடிய கேள்விகளாக வைப்பது இதனால்தான்.

அடுத்தது பிரித்துப் போடுவது. என் நேரத்தில் பாதிக்கு மேல் இதில்தான் போகிறது. புதிய வாக்கியம் ஒன்றுகூட எழுதாமல், மூலத்தில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் ஒரு அட்டவணை போடுகிறேன்: யார், யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், எந்தச் சூழலில், செய்யாவிட்டால் என்ன. ஒரு மாதிரி விதியைப் பார்ப்போம். தமிழில் தருகிறேன், ஆங்கிலத்திலும் சிக்கல் இதேதான்:

"வாடகைதாரர், இவ்வொப்பந்தத்தின் காலம் முடிவடைந்ததைத் தொடர்ந்தோ அது முன்கூட்டியே முடித்துக்கொள்ளப்பட்டதைத் தொடர்ந்தோ, உரிமையாளரால் எழுத்து மூலம் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தாலன்றி, தன்னால் பொருத்தப்பட்ட சாதனங்கள் யாவும் அகற்றப்பட்டும் அதனால் ஏற்பட்ட சேதங்கள் சரிசெய்யப்பட்டும் உள்ள நிலையில், ஏழு நாட்களுக்குள் வீட்டின் சுவாதீனத்தை ஒப்படைக்கக் கடமைப்பட்டவராவார்."

வாடகைதாரர் என்ற எழுவாய்க்கும் ஒப்படைக்க வேண்டும் என்ற பயனிலைக்கும் நடுவே ஐந்து செய்திகள் உட்கார்ந்திருக்கின்றன. பிரித்தால் இப்படி வரும்:

"ஒப்பந்தம் முடிந்த 7 நாட்களுக்குள் நீங்கள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். காலம் முடிந்தாலும், முன்கூட்டியே முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும். ஒப்படைக்கும் முன் நீங்கள் பொருத்திய சாதனங்களைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதால் ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்ய வேண்டும். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் இவற்றில் மாற்றம் செய்யலாம்."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை இப்படியே அனுப்பக் கூடாது. மூலத்தில் ‘அதனால் ஏற்பட்ட சேதம்’ என்றுதான் இருக்கிறது. கழற்றியபோது ஏற்பட்ட சேதமா, பொருத்தும்போது சுவரில் போட்ட துளையும் சேர்த்தியா? என் வரி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ‘இவற்றில் மாற்றம்’ என்று எழுதியதும் அப்படித்தான். உரிமையாளரின் சம்மதம் ஏழு நாள் கெடுவை மட்டும் தளர்த்துமா, சாதனங்களை விட்டுச்செல்லவும் அனுமதிக்குமா என்பது மூலத்தில் தெளிவில்லை. ஏழு நாட்களில் ஒப்பந்தம் முடிகிற நாளும் அடங்குமா என்பதும் தெரியவில்லை.

இந்த மூன்றையும் கேள்வியாக எழுதி வக்கீலுக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்: மூலம் தெளிவில்லாத இடத்தை நீங்களாக நிரப்பாதீர்கள். எளிய வாக்கியம் எப்போதும் உறுதியான குரலில் பேசும். அந்த உறுதியை நீங்கள் கற்பனையாகக் கொடுத்துவிட்டால், யாரோ ஒருவரின் உரிமையை அவருக்குத் தெரியாமலே மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். கேள்விகளை அனுப்பும்போது பல வக்கீல்கள், "அட, நாங்களே இதை யோசிக்கவில்லையே" என்பார்கள். சிக்கலான வாக்கியத்துக்குள் அந்தக் குழப்பம் வருடக்கணக்கில் ஒளிந்துகொண்டிருந்திருக்கும்.

செயப்பாட்டு வினையும் இப்படித்தான் ஆளை மறைக்கும். ‘அறிவிப்பு வழங்கப்பட வேண்டும்’ என்றால் யார் வழங்க வேண்டும்? அட்டவணையில் ‘யார்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் அதுவும் ஒரு கேள்வி.

இனி எழுதும் கட்டம். படிக்கிறவரை ‘நீங்கள்’ என்று அழையுங்கள். இதைத் திருப்பிப் போட்டவர்களும் உண்டு: நியூயார்க்கின் ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க் (இன்றைய சிட்டிபேங்க்) 1975-இல் தன் கடன் பத்திரத்தை மாற்றி எழுதியபோது, கடன் வாங்குகிறவரை ‘நான்’ என்றும் வங்கியை ‘நீங்கள்’ என்றும் வைத்தது. எப்போது கடன் தவறியதாகக் கருதப்படும் என்ற நீண்ட பத்தி, ‘நான் ஒரு தவணையை உரிய நேரத்தில் கட்டாவிட்டால்’ என்ற அளவுக்கு இறங்கி வந்தது. அதனால் ‘நீங்கள்’ என்பது யார் என்று தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அதே ஆவணத்தைப் படிக்கிறார் என்றால், அவருக்குத் தனிப் பகுதி கொடுப்பதுதான் நியாயம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஷல்’ என்ற சொல்லில் நின்று யோசிக்க வேண்டும். பழைய ஆவணங்களில் அது சில இடங்களில் கட்டாயம், சில இடங்களில் வெறும் எதிர்காலம், சில இடங்களில் அனுமதி. கட்டாயத்துக்கு ‘மஸ்ட்’, அனுமதிக்கு ‘மே’ என்று பிரிப்பதே வழக்கம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளை 2007-இல் எளிய நடைக்கு மாற்றியபோது, முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு வழங்குவது பற்றிய விதி 56-இல் ‘ஷல்’ போய் ‘ஷுட்’ வந்தது. கட்டாயமாக இருந்தது விருப்பமாகிவிட்டதோ என்ற கவலை எழுந்து, 2010 திருத்தத்தில் ‘ஷல்’ திரும்ப வந்தது. தேர்ந்த வல்லுநர்கள் கூடிச் செய்த வேலையிலேயே ஒரு துணைவினை இவ்வளவு படுத்தியிருக்கிறது.

பட்டியல்களை வரி வரியாகப் பிரித்துப் போடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் சட்டத்தின் விலக்குப் பட்டியல் ஒரே வாக்கியமாக ஓடியது. கடைசியில் வந்த ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்பது, அனுப்பவோ விநியோகிக்கவோ பொதி கட்டும் ஒரே வேலையா, அல்லது அனுப்பப் பொதி கட்டுதல் ஒன்று, விநியோகம் இன்னொன்று என்று இரண்டு வேலையா என்பது ஒரு காற்புள்ளி இல்லாததால் தெரியவில்லை. பாலை விநியோகிக்கும் ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள், விநியோகம் விலக்கில் வராது, தங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தனித்தனி வரியாக எண் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பட்டியல் போடும்போது ‘இவை எல்லாம்’ தேவையா, ‘இவற்றில் ஒன்று’ போதுமா என்பதைத் தலைவரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டச் சொற்களில் எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது? ஜோடி ஜோடியாக வரும் ‘நல் அண்ட் வாய்ட்’ (இரண்டுக்கும் ‘செல்லாதது’ என்றே பொருள்) போன்றவற்றில் பெரும்பாலும் ஒன்று போதும். வெறும் சடங்காக வரும் சொற்களைத் தாராளமாக எடுக்கலாம். இங்கிலாந்து 1999-இல் தன் சிவில் நடைமுறை விதிகளைப் புதுப்பித்தபோது வழக்குத் தொடுப்பவரைக் குறிக்கும் ‘பிளெயின்டிஃப்’ என்பதை ‘கிளெயிமன்ட்’ ஆக்கியது, வழக்கைத் தொடங்கும் ஆவணமான ‘ரிட்’ என்பதை ‘கிளெயிம் ஃபார்ம்’ ஆக்கியது. நீதிமன்றங்கள் அப்படியேதான் இயங்குகின்றன. ஆனால் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் பொருள் வரையறுத்து வைத்திருக்கும் சொற்கள் வேறு ரகம். ‘ஜாயின்ட் அண்ட் செவரல்’ பொறுப்பு அப்படி ஒன்று. அதை எடுத்துவிடாமல், பக்கத்திலேயே "உங்கள் இருவரில் யாரிடமிருந்தும் முழுக் கடனையும் வங்கி கேட்கலாம்" என்று எழுதுகிறேன். கூட்டாகக் கடன் வாங்கும் தம்பதிகளில் எத்தனையோ பேர் ஆளுக்குப் பாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரி அவர்களுக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்.

சட்டச் சொல்லே இல்லாமல் வாக்கிய அமைப்பாலேயே கடினமாகிற இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஜூரிகளுக்குப் படித்துக் காட்டும் பழைய அறிவுரையில், ‘களங்கமற்ற தவறான நினைவுகூரல் அபூர்வமானதல்ல’ என்ற தொனியில் ஒரு வரி இருந்தது. 2003-இல் ஏற்கப்பட்ட புதிய சிவில் அறிவுரைகளில் அது, ‘மக்கள் அடிக்கடி மறந்துபோவார்கள், அல்லது தவறாக நினைவு வைத்திருப்பார்கள்’ என்ற பொருளில் மாறியது. இரட்டை எதிர்மறையை எங்கே கண்டாலும் இப்படி நேராக்குங்கள்.

ஒரு பொருளுக்கு ஒரே பெயர். பள்ளிக்கூடக் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் குறை என்பார்கள். ஒப்பந்தத்தில் அதுதான் நல்லது. ஓரிடத்தில் ‘வீடு’, இன்னோரிடத்தில் ‘வளாகம்’ என்றால், இரண்டும் வெவ்வேறு என்று வாதிட ஒருவர் வருவார். வரையறைகளை முதல் மூன்று பக்கத்தில் குவிக்காமல், அந்தச் சொல் முதலில் வரும் இடத்திலேயே விளக்குங்கள். ஆவணம் நீளமென்றால் கடைசியில் ஒரு சொற்பட்டியலும் வைக்கலாம்.

எழுதி முடித்ததும் சோதனை. படிக்க எவ்வளவு எளிது என்று மென்பொருள் தரும் ஃபிளெஷ் மதிப்பெண்ணை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அது வாக்கியத்தின் நீளத்தையும் அசைகளின் எண்ணிக்கையையும் மட்டும்தான் பார்க்கும். சொற்களின் வரிசையைத் தலைகீழாக மாற்றிப் போட்டாலும் அதே மதிப்பெண் வரும். இந்த ஆவணத்தை நிஜமாகவே பயன்படுத்தக்கூடிய சிலரிடம் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். ஒரு சூழலைச் சொல்லுங்கள்: "நீங்கள் சுவரில் ஒரு அலமாரி அடித்திருக்கிறீர்கள். ஒப்பந்தம் நேற்று முடிந்தது. இப்போது என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள்?" பதிலை ஆவணத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே திருத்தம் தேவை. இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்று யாராவது சொன்னால், நான் விடாமல் கேட்டு வாங்குவேன்.

சில நிறுவனங்கள் மூல ஒப்பந்தத்தை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் எளிய சுருக்கம் மட்டும் கேட்கும். செய்யலாம். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சுருக்கத்தை நம்பி நடந்தவருக்கு, பிறகு அது செல்லாது என்று தெரியவந்தால் அவர் ஏமாற்றப்பட்டவர்தான். என்னைக் கேட்டால், முழு ஆவணத்தையும் மாற்றி எழுதுவதே சரி. பல இடங்களில் சட்டமே அதைக் கேட்கிறது: நியூயார்க் மாநிலத்தில் நுகர்வோர் ஒப்பந்தங்களுக்கு 1978 முதல் எளிய மொழிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 12-ஆம் பிரிவு தெளிவான, எளிய மொழியைக் கட்டாயமாக்குகிறது. தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே.

வக்கீலிடம் திருப்பி அனுப்பும்போது இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் புதியது, மூன்றாவது நெடுவரிசையில் குறிப்பு என்று அனுப்புங்கள். ‘விதி 9-க்கு நகர்த்தப்பட்டது’, ‘விதி 4-இல் ஏற்கெனவே உள்ளதால் நீக்கப்பட்டது’ என்று ஒவ்வொரு வரிக்கும் கணக்கு இருக்க வேண்டும். அவர் செய்த திருத்தங்களோடு அது உங்களிடம் இன்னொரு முறை வரும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் சேர்க்கும் வரிகள் பெரும்பாலும் பழைய நடையிலேயே வந்து உட்காரும். விதி எண்களும் மாறியிருக்கும். ‘விதி 9-ஐப் பார்க்கவும்’ என்று உள்ளே வரும் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சரிசெய்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.