ரூபிடியத்திலிருந்து 15 எலக்ட்ரான்களை உரிப்பது எப்படி?

முடுக்கிக் கற்றை மோதும் இலக்கிலிருந்து வெளிவரும் கதிரியக்க ரூபிடியம்-94 ஓர் எலக்ட்ரானை மட்டுமே இழந்து 1+ அயனியாக வரும். நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதம் 94. எந்த நேர்கோட்டு முடுக்கியும் திணறும். 15+ ஆக்கிவிட்டால் விகிதம் 6.27. அதே வோல்ட்டில் பதினைந்து மடங்கு ஆற்றல் கிடைக்கும். 14.5 கிகாஹெர்ட்ஸ் இசிஆர் மூலத்துக்குள், அதாவது நுண்ணலையால் எலக்ட்ரான்களைச் சூடேற்றும் பிளாஸ்மா அறைக்குள், 1+ கற்றையைச் செலுத்தி அதைச் செய்வதற்கான முறை இது.

முதலில் உலோகம். பிளாஸ்மா அறை கடைய வடசென்னைப் பட்டறையில் கொடுத்தால், எண்ணூர் உப்புக்காற்றுக்குப் பழகியவர் "316 எஸ்எஸ்ல போட்டுடலாண்ணே, துருவே ஏறாது" என்பார்; துருப்பிடிக்காத எஃகைச் சொல்கிறார். அவர் கணக்கு சரி, இந்த வேலைக்குத்தான் சரிவராது. உப்பைத் தாங்க 316-இல் சேர்ப்பதே 2–3 சதவீத மாலிப்டினம். அதில் சுமார் 9 சதவீதம் மாலிப்டினம்-94. பிளாஸ்மா சுவரைச் சுரண்டி அதையும் 15+ ஆக்கும். அதற்கும் ரூபிடியம்-94-க்கும் நிறை வித்தியாசம் 4,400-இல் ஒரு பங்குதான். நிறை-மின்னூட்ட விகிதத்தை வைத்து அயனிகளைப் பிரிக்கும் சாதாரணப் பகுப்புக் காந்தத்தால் இவற்றைப் பிரிக்க முடியாது. இன்னொரு எஃகு வகையான 304-இலும் இரும்பு-56 உண்டு. அதன் 9+ விகிதம் 6.22, பக்கத்து வீடு. அலுமினியத்துக்கு 4+ என்றால் 6.75, 5+ என்றால் 5.4. இரண்டும் தொலைவு. ஆகவே தூய அலுமினியம். கடைந்தபோது ஒட்டிய எண்ணெயை அசிட்டோனிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவுங்கள்; கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஒத்ததிர்வு நிகழும் காந்தப்புலம் 0.52 டெஸ்லா, சுவரோரம் அதைப்போல் இரு மடங்கு வேண்டும். அதைத் தரும், அறையைச் சுற்றியுள்ள அறுமுனை நிலைக்காந்தம் சூடேறினால் வலு போய்விடும். மீஞ்சூர்ப் பக்கத்து உவர்நீரைக் குளிர்விப்புக் குழாயில் விடவே கூடாது; அயனி நீக்கிய நீர் மட்டும். உயர் மின்னழுத்தக் காப்பான்களில் உப்பு படிந்தால் மின்சாரம் கசியும், அடிக்கடி துடையுங்கள்.

மிக நுட்பமான இடம், உள்ளே வரும் 1+ அயனியின் வேகத்தைப் பிளாஸ்மா அயனிகளின் வேகத்தோடு பொருத்துவது. 1+ மூலத்தின் மின்னழுத்தம் இசிஆர் மூலத்தைவிடச் சுமார் 10–20 வோல்ட் கூட இருக்க வேண்டும். குறைந்தால் பிளாஸ்மா அயனியைத் திருப்பி அனுப்பும். கூடினால் அயனி ஊடுருவிப் போய்ச் சுவரில் மோதும். ஆர்கான் சுவரில் பட்டாலும் வாயுவாகத் திரும்பும், ரூபிடியம் ஒட்டினால் ஒட்டியதுதான். இரு மூலங்களுக்கும் தனித்தனி மின்வழங்கி வைத்தால், அவை தரும் 20 கிலோவோல்ட்டின் அலைவே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஒரே மின்வழங்கியின் மேல் சிறிய மிதக்கும் மின்வழங்கியை ஏற்றுங்கள்.

நிலையான ரூபிடியம்-85-இல் சரிசெய்யுங்கள். 1+ கற்றையை மறைத்தும் திறந்தும், கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் பாரடே கிண்ணத்தில் அளந்தால் வரும் வித்தியாசம் மட்டுமே உங்களுடையது; மீதி அழுக்கு. பிறகு மின்னழுத்தத்தை மாற்றாமல் பகுப்புக் காந்தத்தை 5.2 சதவீதம் உயர்த்தினால் 94-இன் 15+ வரும். 15+ ஆக ஏறத்தாழ கால் விநாடி பிடித்தால், 2.7 விநாடி அரையாயுளில் 6 சதவீதம் அதற்குள் சிதைந்துவிடும்.

வந்தது ரூபிடியம்-94தானா என்று பார்க்க, இனிப் பீட்டா எண்ணி. சிறிது நேரமே பாய்ச்சிவிட்டுக் கற்றையை நிறுத்தினால் எண்ணிக்கை 2.7 விநாடியில் ஏறக்குறைய பாதியாக வேண்டும். அதன்பின் மெல்ல இறங்கும் வால், ரூபிடியம் சிதைந்து உருவாகும் மகளான ஸ்ட்ரான்சியம்-94-இன் 75 விநாடி அரையாயுள்.