மினிக்காய்க்குப் பாய்மரப் படகில் போகும் முன்

சரி, முதலில் நுழைவு அனுமதி. மினிக்காய் இருக்கும் லட்சத்தீவுக்கு நம் நாட்டுக்காரருக்கும் அது வேண்டும், கையில் வந்த பிறகு சாமான் வாங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அப்போது போகவே வேண்டாம்.

தண்ணீரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், அதுவும் ஒரே தொட்டியில் இல்லாமல் 20 லிட்டர் கேன்களில் பிரித்து வையுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றது கிடக்கும்.

காய்கறிக்கு நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு அதிகாலையிலேயே போய்விடுங்கள். ஏத்தன், அதாவது நேந்திர வாழைக் குலையை நன்றாகப் பச்சையாக வாங்கிப் படகின் பின்பக்கம் நிழலில் கட்டித் தொங்கவிட்டால், அடியில் இருக்கும் காயை அவித்துச் செய்யும் புழுக்கிற்கும் பழுத்ததைக் காலைச் சாப்பாட்டிற்கும் எடுத்துக்கொண்டே போகலாம். தேங்காய் உரிக்காமல் வரட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே சாக்கில் போடக் கூடாது, கிழங்கு சீக்கிரம் முளைத்துவிடும். அவித்துக் காயவைத்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), கருப்பட்டி, புளி, இதெல்லாம் நம் வீட்டில் இருப்பதுதானே.

முட்டை கழுவாததாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக, ஓடு மினுங்கும்வரை தடவி அடுக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள். அப்புறம், அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றாதீர்கள், மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும்.

அந்தத் தீவுகளுக்கே காய்கறி கரையிலிருந்துதான் கப்பலில் போகிறது, அங்கே போய் வாங்கலாம் என்று நம்பாதீர்கள். மாசிக் கருவாடு மட்டும் அங்கே வாங்குங்கள், சூரையை அவித்துப் புகைபோட்டு உலர்த்தியது, திரும்பும் வழிக்குச் சம்மந்தித் துவையலுக்கு அதுவே போதும்.