டிஎன்எஸ் மாற்றிய பிறகு டொமைன் லாகின் ஆகவில்லையா? இப்படிச் சரிசெய்யுங்கள்

இன்டர்நெட் வேகமாக வரட்டும் என்று, பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றுகிறோம். பிரவுசர் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மறுநாள் பாஸ்வேர்ட் அடித்தால், லாகன் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்று விண்டோஸ் சொல்கிறது. ஆக்டிவ் டைரக்டரி (எல்லாருடைய கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் 'டொமைன்' என்ற ஒரே குழுவாக நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும்.

உடனே கம்ப்யூட்டரை டொமைனிலிருந்து கழற்றிவிடாதீர்கள். டிஎன்எஸ் சரியாகும்வரை அதைத் திரும்பச் சேர்க்கவே முடியாது.

பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது டொமைன் கன்ட்ரோலர் என்ற உங்கள் அலுவலக சர்வர். அது எந்த முகவரியில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் டிஎன்எஸ்ஸிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. அந்த விவரம் எஸ்ஆர்வி ரெக்கார்டுகளாக (எந்தச் சேவை எந்த சர்வரில் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள்) உங்கள் சர்வரில்தான் இருக்கிறது, கூகுளின் 8.8.8.8-இல் இல்லை. சிலருக்கு மட்டும் லாகின் ஆகிறது என்றால் ஏமாந்துவிடாதீர்கள். கடைசியாக நுழைந்த 10 பேரின் லாகின் விவரத்தை விண்டோஸ் வழக்கமாகச் சேமித்து வைத்திருக்கும். அதை வைத்து உள்ளே விட்டிருக்கலாம்.

படி 1: லோக்கல் அட்மின் கணக்கில் நுழைந்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுங்கள். 'டிஎன்எஸ் சர்வர்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். உங்கள் டொமைன் கன்ட்ரோலர் 192.168.1.10 என்றால், அங்கே அது மட்டும்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது இடத்தில் 8.8.8.8 இருந்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். இருக்கக் கூடாது. முதல் சர்வர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும் விண்டோஸ் இரண்டாவதிடம் போய்விடும். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அது சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்; விண்டோஸ் அதோடு தேடலை நிறுத்திவிடும். ஒருநாள் லாகின் ஆகி, இன்னொரு நாள் ஆகாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

படி 2: டிஎன்எஸ் முகவரி டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் முகவரிகளைத் தானாகத் தரும் சேவை) வழியாக வருகிறதென்றால், மாற்ற வேண்டியது அங்கேதான். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் மாற்ற வேண்டாம். அப்புறம் கம்ப்யூட்டரில் 'ஐபிகான்ஃபிக் /ரின்யூ', 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' இரண்டையும் கொடுங்கள்.

படி 3: இனி சர்வர். அதன் நெட்வொர்க் கார்டிலும் வெளி டிஎன்எஸ் இருக்கக் கூடாது. ஒரே டொமைன் கன்ட்ரோலர்தான் என்றால் அதன் சொந்த முகவரியைப் போடுங்கள். 'ஐபிகான்ஃபிக் /ரெஜிஸ்டர்டிஎன்எஸ்' கொடுத்துவிட்டு, நெட்லாகன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எஸ்ஆர்வி ரெக்கார்டுகளைத் திரும்பப் பதிவது அந்த சர்வீஸ்தான்.

படி 4: சரி, 8.8.8.8-ஐ எங்கே போடுவது? டிஎன்எஸ் மேனேஜரில் சர்வர் பெயரின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஃபார்வர்டர்ஸ் டேப். தனக்குத் தெரியாத வெளிப் பெயர்களை மட்டும் சர்வர் அங்கே கேட்டுச் சொல்லும், இன்டர்நெட்டும் ஓடும்.

படி 5: கம்ப்யூட்டரில் 'என்எல்டெஸ்ட் /டிஎஸ்கெட்டிசி:' என்று அடித்து, ஒட்டி உங்கள் டொமைன் பெயரையும் கொடுங்கள். சர்வரின் பெயரும் முகவரியும் வந்தால் வழி திறந்துவிட்டது.

அப்படியும் லாகின் ஆகவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டொமைன் லாகினைச் சரிபார்க்கும் முறையான கெர்பெராஸ் ஏற்காது. அதுவும் சரியென்றால், ரவுட்டர் ஐபிவி6 (புதிய வகை நெட்வொர்க் முகவரி முறை) வழியாகத் தன் டிஎன்எஸ் முகவரியைத் தருகிறதா என்று முதல் படியின் அதே வரியில் பாருங்கள். தந்தால், ரவுட்டரில் அதை நிறுத்திவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.