நோர்வேக்கு அனுப்பிய நன்றிப் பொதி

ஒஸ்லோவில் என் பெறாமகனுக்கு வேலை கிடைக்கும்வரை தங்க இடம் கொடுத்த நோர்வேக் குடும்பத்தினருக்கு ஊர்ப் பலகாரம் அனுப்ப விரும்பியபோது, வழியில் பழுதாகாததும் உறைப்புப் பழகாத நாக்குக்கு ஏற்றதுமாக எதைத் தெரிவது என்பதே சிக்கலாக இருந்தது. பயத்தம் பணியாரத்தில் தேங்காய்ப்பூச் சேர்வதால் நாள் செல்லச் சிக்கு மணம் வரும். பருத்தித்துறை வடையோ உறைப்பு, நொறுங்கவும் செய்யும். ஆகவே பனையை நாடினேன். பனங்கட்டி ஈரக்காற்றுப் பட்டால் கசியும் என்பதால், அதை அடைத்திருக்கும் ஓலைக் குட்டானை, அதாவது பனையோலையில் பின்னிய சிறு பெட்டியை, பிரிக்காமலே காற்றுப்புகாத உறையிலிட்டு ஒட்டினேன். அந்தப் பின்னலும் ஓர் அன்பளிப்புத்தானே! பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்த பனாட்டைத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி அடுக்கினேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் எனக்கு எவ்வளவு பிடித்தாலும், பழகாதவர்களுக்கு அது விறகுத்துண்டுதான் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் எதிலிருந்து செய்யப்பட்டது, எப்படி உண்பது என்று எழுதிய தாளில், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் முறையையும் சேர்த்தேன்.