மியூ ஏரிக்கு இரண்டாவது தடவை

டொராண்டோவிலிருந்து ஜூன் தொடக்கத்தில் அல்கான்குவின் பூங்காவின் மியூ ஏரிக்குப் போனது என் முட்டாள்தனம்தான். கருப்பு ஈக்கள் காதோரம் கடித்து ரத்தமே வந்துவிட்டது. தங்கிய யர்ட்டில் (நிரந்தரமாக நிறுத்தியிருக்கும் பெரிய துணிக் கூடாரம்) கட்டில், மெத்தை, மின் ஹீட்டர் எல்லாம் உண்டு, ஆனால் போர்வை நாம்தான் கொண்டுபோக வேண்டும், உள்ளே சமைக்கவும் கூடாது என்பதைப் படிக்காமலே போய், மழையில் குடை பிடித்துக்கொண்டு நூடுல்ஸ் வேகவைத்தோம் (மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்).

அடுத்த தடவை செப்டம்பர் நடுவில், அதுவும் வார நாளில். முன்பதிவு 5 மாதம் முன்பே தொடங்கிவிடும், அதனால் ஏப்ரலில் காலை 7 மணிக்கே கணினி முன் உட்கார்ந்தேன், கிடைத்தது. ஸ்லீப்பிங் பேக், தார்ப்பாய், கேஸ் அடுப்பு எடுத்துக்கொண்டோம். விறகு மட்டும் அங்கேயே வாங்கினோம், ஏனென்றால் வெளியூர் விறகைக் கொண்டுபோனால் அதோடு மரம் தின்னும் பூச்சியும் பூங்காவுக்குள் வந்துவிடும். ஈத்தொல்லை இல்லை, மேப்பிள் இலைகள் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தன.