வேலூர்ப் பிள்ளைகளுக்கு நார்னியாவை வாசித்துக் காட்டுவது எப்படி?

கோடை விடுமுறையில் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட விரும்புவோர், 7 நூல்களில் எதை முதலில் எடுப்பது என்பதிலேயே தயங்குவதைச் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு வாசிப்புக் கூடலில் பலமுறை கண்டிருக்கிறேன். இன்றைய பதிப்புகள் நார்னியா என்னும் கற்பனை உலகம் பிறந்த கதையை (The Magician's Nephew) முதலாவதாக எண்ணிடுகின்றன. ஒரு சிறுவனுக்கு 1957இல் எழுதிய கடிதத்தில் லூயிஸும் அவ்வரிசையையே ஆதரித்தார். ஆயினும் 1950இல் முதலில் வெளிவந்த அலமாரிக் கதையிலிருந்தே (The Lion, the Witch and the Wardrobe) தொடங்குங்கள். அலமாரி வழியே நார்னியாவுக்குள் நுழையும் சிறுமி லூசிக்குத் தெரியாதது கேட்கும் பிள்ளைக்கும் தெரியாமலிருக்கும்போதுதான் வியப்பு இருவருக்கும் ஒன்றாக வாய்க்கும்.

அடுத்த தடை பனி. அக்கதையில் வரும், கிறிஸ்துமஸே வராத நூறாண்டுக் குளிர்காலம் என்றால் நம் பிள்ளைகளுக்கு உறைக்காது. மழையும் பொங்கலும் வராமல் நூறாண்டு நீளும் கத்திரி வெயிலை முதலில் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பனி உருகி நீரோடும் ஓசை கேட்கும் இடத்தில் சற்று நிறுத்தி, 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பெரியவர் ஒருவரைச் சொல்லச் செய்யுங்கள். லூசியின் அண்ணன் எட்மண்டை மயக்கும் துருக்கி மிட்டாய்க்கு ஆற்காடு மக்கன் பேடாவைக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆசிரியரின் வாழ்க்கையைத் தொடக்கத்திலேயே கொட்டிவிடாதீர்கள். அவர் 1898இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், 1954 வரை ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் இடைக்கால இலக்கியத்தில் தோய்ந்த அறிஞர் என்பது முதல் நாளுக்குப் போதும். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் பயின்ற, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை பேராசிரியராக இருந்ததும் அதே ஆக்ஸ்ஃபோர்டில்தான் என்று சொன்னால், அந்த ஊரும் நம் பிள்ளைகளுக்குச் சற்று நெருங்கி வரும்.

1955இல் ஆறாவதாக வெளிவந்த, அவ்வுலகம் பிறந்த கதைக்கு வரும்போது மட்டும் நிதானியுங்கள். அதில் ஒரு சிறுவன் நோயுற்ற தாய்க்காக ஆப்பிள் கொண்டுவருகிறான், தாய் பிழைக்கிறாள். அப்பகுதியை வாசித்து முடித்த பிறகே, லூயிஸுக்கு 9 வயதானபோது, 1908இல், அவருடைய தாய் புற்றுநோயால் இறந்தார் என்பதைச் சொல்லுங்கள். மருத்துவமனைக்காகவே வெளியூர்க் குடும்பங்கள் வந்து தங்கும் ஊர் இது; கூட்டத்தில் எந்தப் பிள்ளையின் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து, தேவையானால் அந்தச் செய்தியை அன்று சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

தமக்கு எழுதிய பிள்ளைகளுக்கு லூயிஸ் சலிக்காமல் பதில் எழுதியவர். ஆகவே கடைசி நாளில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, அவரிடம் கேட்க நினைப்பதைத் தமிழிலேயே எழுதச் சொல்லி, ஒருவர் கடிதத்துக்கு மற்றொருவர் பதில் எழுத வையுங்கள்.